உட்காரச் சொல்ல வேண்டியவர்கள் நாம்

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சின்னத் திருத்தத்தை நிறைவேற்றியது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றே கழிக்கும் நிலை கூடாது. அந்தப் பிரிவின் சாரம் அவ்வளவுதான். கேரளத்துக்கு அடுத்து இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. 2019லேயே மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியத்தில் வைக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்ட யோசனை இது. முதலாளிகள் மறுக்கவில்லை, தொழிற்சங்கங்கள் மறுக்கவில்லை, எந்தக் கட்சியும் இதை வைத்துச் சண்டை போடவில்லை.

எல்லோரும் சரி என்று சொன்ன ஒரு காரியம் கடைக்குள் போனால் ஏன் கண்ணில் படுவதில்லை?

தியாகராய நகரோ, மதுரை விளக்குத்தூணோ, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையோ, ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குள் நுழைந்து புடவைப் பிரிவில் அரைமணி நேரம் நின்று கவனியுங்கள். கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் பெண் புடவையை அலமாரியிலிருந்து இழுத்து, ஒரு உதறு உதறிப் பலகையில் பரப்புகிறார். முந்தியை எடுத்துத் தன் தோளில் போட்டுக் காட்டுகிறார். பார்டர் பெரிதாக வேண்டும் என்கிறார்கள். இன்னொன்று வருகிறது. நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கிறது என்கிறார்கள். அடுத்தது. எட்டுப் புடவை பிரிந்து கிடக்கும்போது குடும்பம் பக்கத்து கவுண்டருக்கு நகர்கிறது. அவர் ஒவ்வொன்றாக மடிப்புக் கலையாமல் மடித்து அட்டையை உள்ளே வைக்கத் தொடங்குகிறார். இப்போது அவரிடம் கேட்க ஆள் இல்லை. மடிக்கும் வேலையை உட்கார்ந்தபடியே செய்யலாம். சட்டம் சொல்லும் வாய்ப்பு என்பது இந்த நிமிடம்தான். ஆனால் அவர் உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொள்கிறார், இடுப்பைக் கவுண்டரின் விளிம்பில் லேசாகச் சாய்க்கிறார், சூப்பர்வைசர் திரும்பினால் நிமிர்கிறார். பலகைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கும். சட்டத்துக்காக வாங்கியதுதான். அதன் மேல் பிரிக்காத பண்டல்கள் அடுக்கியிருக்கும்.

கேட்டால் யாரும் உட்காரக் கூடாதென்று சொல்லவில்லை என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி பழக்கம் ஆகிவிட்டது என்பதுதான் சிக்கல்.

நாள் முழுக்க நிற்பது கால்வலியோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை. காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே இதயத்துக்குத் திரும்ப வேண்டுமானால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து அதைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். நடக்கும்போது அது தானாக நடக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் நடப்பதில்லை. ரத்தம் கீழேயே தேங்குகிறது, ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அடைப்பிதழ்கள் அந்தப் பாரத்தில் தளர்கின்றன, மாலையில் கணுக்கால் வீங்குகிறது. வருடக்கணக்கில் இப்படிப் போனால் அந்தக் குழாய் சுருண்டு புடைத்துக்கொள்கிறது. பிறகு குதிகால் வலி, இடுப்பு வலி. பட்டுப் பிரிவுகளில் பல இடங்களில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்க வேண்டும், அதுவும் ஏசியில் குளிர்ந்த கல் தரையில். மாதவிடாய் நாட்களிலும் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலும் இதே நிற்றல்தான். கழிப்பறை மேல் மாடியிலோ பின்கட்டிலோ இருந்து, போய்வர அனுமதி கேட்க வேண்டும் என்றால், தண்ணீரே குடிக்காமல் சமாளிப்பதைப் பெண்கள் பழகிக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அங்கிருந்து வருகிறது. இருபது வயதில் இதெல்லாம் தெரியாது. தெரியும் வயதில் அவர்கள் அந்தக் கடையில் இருப்பதில்லை. கல்யாணமாகி ஊருக்குப் போயிருப்பார்கள். வைத்தியச் செலவு ஊரில் இருக்கும் குடும்பத்தின் கணக்கில் சேர்கிறது, கடையின் கணக்கில் ஒருபோதும் வருவதில்லை. வியாபாரத்தின் செலவில் ஒரு பகுதியை இப்படிச் சத்தமில்லாமல் சமூகம் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஜவுளி வியாபாரத்தில் நிற்பது பழைய மரபு என்று நினைத்தால் அது தவறு. ஒரு தலைமுறைக்கு முந்தைய ஜவுளிக் கடைகளை நினைவிருப்பவர்கள் சொல்வார்கள். தரையில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை, ஓரமாகச் சில திண்டுகள். விற்பவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், வாங்க வந்த குடும்பமும் எதிரே உட்காரும். பையன் ஒருவன் அலமாரியிலிருந்து எடுத்துப் போடுவான். புடவைகள் இருவருக்கும் நடுவே விரிந்து கிடக்கும். பேரம், குடும்பக் கதை, காபி எல்லாம் அங்கேயே நடக்கும். காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுக்கே போய்ப் பட்டு எடுப்பவர்கள் இன்றும் பாயில் உட்கார்ந்துதான் எடுக்கிறார்கள். உட்கார்ந்து விற்றதால் அந்த வியாபாரத்தில் மரியாதை குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

பல மாடி ஷோரூம் வந்தபோது எல்லாம் எழுந்து நின்றது. இடுப்பு உயரக் கவுண்டர், கண்ணாடி, விளக்கு, சீருடை, தலைக்கு மேலே கேமரா. பொருளை அடுக்கிக் காட்டும் முறையோடு சேர்ந்து ஆளை நிறுத்திக் காட்டும் முறையும் வந்தது. நுழைந்தவுடன் இரண்டு பக்கமும் கைகூப்பி நிற்கும் பெண்கள், மாடிப்படி முனையில் “வாங்கக்கா, என்ன பாக்குறீங்க” என்று நிற்கும் தம்பி, லிஃப்ட் வாசலில் ஒருவர். கூட்டம் இருக்கிறதோ இல்லையோ, இவர்கள் நின்றால்தான் கடை சுறுசுறுப்பாகத் தெரியும் என்று ஒரு கணக்கு. நிற்கும் ஊழியர் அந்தக் கணக்கில் விளம்பரப் பலகையின் வேலையையும் சேர்த்துச் செய்கிறார்.

அந்தக் கணக்கு நம்மிடம் பலித்ததற்குக் காரணம் உண்டு. யார் உட்காரலாம், யார் முன்னால் யார் நிற்க வேண்டும் என்பதை வைத்தே ஆள்களை அளந்த சமூகம் இது. திண்ணையில் யார் ஏறலாம், கட்டிலில் இருப்பவர் முன் யார் தரையில் இருக்க வேண்டும், யார் தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக ஊரில் இருந்தது. அதை உடைக்கத் தலைமுறைகள் போராட வேண்டியிருந்தது. அதே பழைய வழக்கம் ஏசி அறைக்குள் ‘வாடிக்கையாளர் சேவை’ என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தபோது நமக்கு உறுத்தவில்லை. பணம் கொடுக்கிற நேரம் வரை நாமும் மேலே உட்காரலாம் என்ற சுகத்தை அது எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. எதிரில் நிற்பவர் நம் வீட்டுப் பெண்ணைப் போன்றவர் என்பதை அந்த நேரத்துக்கு மறக்கச் செய்துவிட்டது.

சட்டங்களும் கடை ஊழியரைக் கவனிக்கத் தாமதமாகத்தான் வந்தன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆம் பிரிவு இருந்தது. நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு, இடையில் ஓய்வு கிடைத்தால் உட்கார இருக்கை தர வேண்டும் என்று அது சொன்னது. அதாவது தறியடியிலோ எந்திரத்தருகிலோ நிற்பவருக்கு அந்த உரிமை சுதந்திரம் வந்த மறு வருடமே எழுத்தில் வந்துவிட்டது. அந்தத் துணியை எடுத்து விற்பவருக்கு எழுபது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1899லேயே கடைப் பெண்களுக்கு இருக்கை தரும் தனிச் சட்டம் வந்தது. மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கை என்று அது கணக்கு வைத்தது. அங்கேயும் சும்மா கிடைத்ததில்லை, பெண்கள் கூட்டம் கூட்டிப் பேசி வாங்கியது.

நமக்குப் பக்கத்திலேயே நடந்தது இன்னும் கவனிக்க வேண்டிய கதை. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்ற நெரிசலான கடைத்தெரு இருக்கிறது. அங்கே சின்னக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறையே கிடையாது. அவசரம் என்றால் பக்கத்து ஓட்டலில் போய்க் கேட்க வேண்டும். தையல் தொழிலாளியான பி. விஜி அந்தப் பெண்களை ஒன்றுசேர்த்து 2009 வாக்கில் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் போராட்டம் கழிப்பறைக்கு. அதற்குப் பிறகுதான் உட்காரும் உரிமைக்கான ‘இரிக்கல் சமரம்’. திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடையின் பெண் ஊழியர்கள் மாதக்கணக்கில் கடை வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். கையளவு பெண்கள்தான். பெரிய சங்கங்கள் எல்லாம் ஆரம்பத்தில் அவர்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. 2018ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது.

நமக்கு அப்படி ஒரு போராட்டம் இல்லாமலே சட்டம் வந்துவிட்டது. அரசு தானாக முன்வந்தது நல்ல விஷயம், அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் போராடி வாங்கிய இடத்தில் அந்த உரிமை தங்களுக்கு உண்டு என்று ஊழியர்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே பல ஊழியர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் வாய் திறக்க முடியாத நிலையில் பலர் இருக்கிறார்கள். தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சோறு கடையின் மெஸ்ஸில், படுக்கை கடையின் ஹாஸ்டலில். வேலை போனால் அன்றிரவு தங்க இடமும் போய்விடும். ஊரில் அப்பா வாங்கிய அட்வான்ஸ் வேறு இருக்கும். இப்படி வந்தவர்களின் வாழ்க்கையை 2010ல் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ படத்தில் காட்டினார். தமிழ்நாடே பார்த்தது, கண்ணீர் விட்டது. அடுத்த தீபாவளிக்கு அதே தெருவில்தான் துணி எடுத்தது.

ஆகவே பாதிக்கப்பட்டவர்களே எழுந்து கேட்டு வாங்கட்டும் என்று இந்த விஷயத்தில் விட்டுவிட முடியாது. அது நியாயமும் இல்லை. சட்டம் இருக்கிறது, எல்லோரும் ஏற்றுக்கொண்ட சட்டம். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு மற்ற எல்லோரிடமும் இருக்கிறது.

முதலாளிகள் தரப்பில் இருக்கும் தயக்கத்தை நாம் மதித்தே பேச வேண்டும். எல்லாக் கடையும் ஏழு மாடிக் கடை இல்லை. எட்டுக்குப் பத்தடி இடத்தில் மளிகைக் கடை நடத்தும் அண்ணாச்சி காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கி இரவு பதினொன்றுக்குத்தான் இறக்குகிறார். அவரும் நாள் முழுக்க நிற்கிறார். நடுத்தர ஜவுளிக் கடைக்காரருக்கு ஒரு பக்கம் ஆன்லைன் விற்பனை, இன்னொரு பக்கம் எதிர்த்த பெரிய கடையின் தள்ளுபடி. இந்த நிலையில் அவரிடம் பேசினால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: “நான் உட்காரச் சொல்லிடுவேன் சார். கஸ்டமர் வந்து பாத்துட்டு, என்னய்யா எல்லாம் உட்கார்ந்திருக்கான், வியாபாரம் இல்லையான்னு கேப்பாங்க.” அவர் பயம் பொய்யில்லை. நம்மில் அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

தனி ஒரு கடைக்காரரால் முடியாததை எல்லாக் கடைக்காரரும் சேர்ந்து செய்தால் சுலபம். வணிகர் சங்கங்கள் ஊருக்கு ஊர் வலுவாக இருக்கின்றன. கடையடைப்பு என்று ஒரு நாள் சொன்னால் மாநிலம் முழுக்க ஷட்டர் இறங்குகிறது. அந்த பலத்தில் ஒரு சின்னப் பங்கு போதும். எங்கள் கடைத்தெருவில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஊழியர்கள் உட்காருவார்கள் என்று ஒரு தெருச் சங்கம் சேர்ந்து முடிவெடுத்தால், யாருக்கும் போட்டியில் பின்தங்கும் பயம் இல்லை. வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை வைத்தால் வாடிக்கையாளருக்கும் விளங்கிவிடும்.

பெரிய கடைகளிடம் கொஞ்சம் கூடுதலாகவே எதிர்பார்க்கலாம். ஒரு நட்சத்திரத்தை வைத்து எடுக்கும் ஒரு விளம்பரத்தின் செலவில் அந்த நிறுவனத்தின் எல்லாக் கிளைகளுக்கும் நல்ல நாற்காலி வாங்கிப் போடலாம். ஆனால் நாற்காலி வாங்கினால் மட்டும் போதாது. கவுண்டர் இடுப்பு உயரத்தில் இருந்து, ஸ்டூல் முழங்கால் உயரத்தில் இருந்தால் உட்கார்ந்தவர் பலகைக்குக் கீழே மறைந்துபோவார். அதில் யார் உட்காருவார்கள்? கவுண்டர் உயரத்துக்கு ஏற்ற, கால் வைக்கக் கட்டை உள்ள உயர ஸ்டூல் வேண்டும். மடிப்பவர்களுக்குத் தாழ்வான தனி மேசை வேண்டும். பில் போடுபவர் எதற்காக நிற்க வேண்டும் என்று யாரும் கேட்பதே இல்லை. ஐரோப்பாவில் பல பெரிய அங்காடிகளில் காசாளர் உட்கார்ந்துதான் பில் போடுகிறார், வரிசை அங்கேயும் நகர்கிறது. அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையா இல்லையா என்பதை வேலையின் தன்மையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், முதலாளியின் விருப்பம் மட்டும் போதாது என்ற வகையில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2016ல் தெளிவுபடுத்தியது.

அதற்கும் மேலே சூப்பர்வைசரின் பிரச்சினை இருக்கிறது. ஒரு தளத்தின் விற்பனைக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். யாரோ உட்கார்ந்திருப்பதைக் கேமராவில் பார்த்த மேலாளர் போனில் அவரைத்தான் கூப்பிடுவார். முதலாளி நல்லவராக இருந்து வாய்வார்த்தையாக உட்காரலாம் என்று சொல்லியிருந்தாலும், இலக்கு எட்டவில்லை என்று மாதக் கடைசியில் கடிந்துகொண்டால் சூப்பர்வைசர் எதைப் பிடித்துக்கொள்வார்? இலக்கு, இன்சென்டிவ், கேமரா மூன்றும் ஒரு திசையில் இழுக்கும்போது சட்டம் மட்டும் எதிர்த்திசையில் நிற்க முடியாது. முதலாளி உட்காரும் அனுமதியை எழுத்தில் கொடுக்க வேண்டும், பயிற்சியில் சொல்ல வேண்டும், உட்கார்ந்ததற்காக ஒருவர் மேல் நடவடிக்கை எடுத்தால் அதைத் தவறு என்று கேட்க வேண்டும்.

அரசுக்கு வருவோம். தொழிலாளர் துறை ஆய்வாளர் கடைக்கு வரும்போது நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பண்டலுக்கு அடியில் இருக்கும் ஸ்டூலையும் எண்ணிக்கொண்டு போய்விடலாம். அவர் வர வேண்டிய நேரம் சனிக்கிழமை மாலை ஏழு மணி. கேட்க வேண்டியது இன்றைக்கு எத்தனை முறை உட்கார்ந்தீர்கள் என்று, அதுவும் சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாமல். அதே சட்டத்தில் இன்னும் சில விதிகள் பல காலமாக இருக்கின்றன: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி உண்டு, அதற்கும் எல்லை உண்டு. ஆடித் தள்ளுபடி மாதத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் இவற்றில் எது நடைமுறையில் இருக்கிறது என்று யாராவது பார்த்தால் உட்காரும் உரிமைக்கு அர்த்தம் வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் நாள் முழுக்கத் திறந்திருக்கலாம் என்று 2019ல் அரசாணை வந்தது, பிறகு நீட்டிக்கவும்பட்டது. கடை 24 மணி நேரம் இருக்கலாம், ஆள் இருக்க முடியாது. ஷிப்டும் வார விடுமுறையும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அந்த அரசாணையைத் தந்த அரசின் கடமைதான்.

அரசே நடத்தும், அரசு ஆதரவில் நடக்கும் விற்பனை இடங்கள் எத்தனை இருக்கின்றன. 1935ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, ரேஷன் கடைகள் இருக்கின்றன, ஆவின் பாலகங்கள், டாஸ்மாக் கடைகள் இருக்கின்றன. சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்துகிறதோ இல்லையோ, நல்ல உயர ஸ்டூலும் உட்கார்ந்து விற்கும் பழக்கமும் முதலில் அங்கே வரட்டும். கோ-ஆப்டெக்ஸ் கவுண்டரில் உட்கார்ந்தபடி புடவை விரித்துக் காட்டும் ஒருவரை மக்கள் தினமும் பார்த்தால் தனியார் கடையிலும் அதைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். தனியார் கடைக்காரர் சொல்லும் அந்தப் பயத்துக்கு அரசு தரக்கூடிய நேரடியான பதில் இது.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் ஆலைகளிலும் போக்குவரத்திலும் துறைமுகத்திலும் சங்கங்களின் வரலாறு பெருமைக்குரியது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எழுப்பிய எதிர்ப்பால்தான் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அந்தக் குரலில் ஒரு பங்கு ஜவுளிக் கடை ஹாஸ்டல்களுக்கும் போக வேண்டும். சந்தா தராத, அடிக்கடி வேலை மாறும், வயதில் சின்னப் பிள்ளைகள் என்பதால் அவர்களை விட்டுவிட முடியாது. குறைந்தது அந்தச் சட்டப் பிரிவைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஹாஸ்டல் இருக்கும் தெருக்களில் ஒட்டலாம். உதவி எண் ஒன்றும் அதில் இருக்கட்டும்.

ஜவுளிக் கடையோடு இது நிற்கவில்லை. மருந்துக் கடை, செல்போன் ஷோரூம், பெட்ரோல் பங்க், நகைக் கடை வாசல் காவலாளி என்று நாள் முழுக்க நிற்பவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஏடிஎம் வாசலில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் இரவெல்லாம் நிற்கிறார், பல இடங்களில் அவரும் தன் நாற்காலியைத் தானே எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டுக்கொள்கிறார். ஜவுளிக் கடையில் இந்தப் பழக்கம் மாறினால் மற்ற இடங்களில் மாறுவது கடினம் இல்லை.

வாடிக்கையாளராகிய நம்மைப் பற்றி இன்னும் பேசவில்லை. இந்த மொத்த ஏற்பாடும் நம் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. முதலாளி சொல்லும் காரணம் நாம், சூப்பர்வைசர் சொல்லும் காரணம் நாம், விளம்பரக்காரர் காட்டும் காரணமும் நாம்தான். கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்தவுடன் நமக்குள் எழும் எரிச்சலை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அவர் உட்கார்ந்ததால் நமக்குக் கிடைக்கும் புடவையில் என்ன குறைந்தது? எழுந்து வந்து காட்டப் போகிறார், அவ்வளவுதான். ஆனாலும் வங்கியில், அலுவலகத்தில், நம் வேலையிடத்தில் நாம் உட்கார்ந்தே இருப்பதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை. கடையில் மட்டும் அந்த அளவுகோல் மாறிவிடுகிறது.

கடை மூடும் நேரத்துக்குக் கால்மணி முன்னால் நுழைந்து அறுபது புடவையைப் பிரித்துப் போட்டு, “நாளைக்கு வரோம்” என்று எழுந்துபோகும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. விரித்துப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை, அதில் தவறில்லை. ஆனால் கடை மூடிய பிறகும் அந்த அறுபதையும் மடித்து அடுக்கும் வரை அவர்கள் போக முடியாது என்பது தெரிந்தால் பத்து மணிக்கு நுழைவதை மறுநாள் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கவனிக்கவில்லை என்று ஆன்லைனில் ஒரு நட்சத்திரம் போட்டுப் பெயரையும் எழுதிவிட்டு வருபவர்கள், அந்த ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு பெண்ணின் அந்த மாதச் சம்பளத்தில் என்ன நடக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கலாம். நன்றாகக் கவனித்தவருக்கு ஒரு வரி எழுத நமக்குக் கை வருவதே இல்லை. அதையும் எழுதலாம்.

வீட்டிலிருந்தும் இது தொடங்கலாம். கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பமே போகும். அத்தை, சித்தி, மாமா, சம்பந்தி வீட்டார் என்று பத்துப் பேர், அரை நாள் வேலை. நமக்கு நாற்காலி போடுவார்கள், காபி வரும், குழந்தைக்குப் பலூன் வரும். எதிரே நிற்பவர் அந்த நேரம் முழுக்க நின்றே இருப்பார். நம் குழுவில் மூத்தவர் யாரோ, பாட்டியோ பெரியம்மாவோ, அவரே ஆரம்பத்தில் சொல்லட்டும்: “உக்காந்தே காட்டும்மா, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை.” முதலில் அந்தப் பெண் தயங்குவார், சூப்பர்வைசர் பக்கம் ஒரு முறை பார்ப்பார். பிறகு சூப்பர்வைசர் வந்து நின்றால் அவரிடமும் நாமே சொல்லிவிடலாம்: “நாங்கதான் தம்பி உட்காரச் சொன்னோம். முதலாளிகிட்டயும் சொல்லிடுங்க, இந்தக் கடையில உட்கார விடுறாங்கன்னுதான் அடுத்த கல்யாணத்துக்கும் இங்கயே வருவோம்.”